60 சொற்களில் ஒரு சட்டம். முடிவில்லாமல் ஒரு போர்

2001 செப்டம்பர் 14. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவசர அவசரமாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. செனட்டில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரவு, எதிர்த்தவர் ஒரே ஒருவர். நான்கு நாட்களில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட அது சட்டமானது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடியான வாக்கியம் ஆங்கிலத்தில் வெறும் 60 சொற்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்ட, அனுமதித்த, நடத்திய அல்லது அதற்கு உதவிய நாடுகள், அமைப்புகள், நபர்கள் மீதும், அவர்களுக்குப் புகலிடம் தந்தவர்கள் மீதும் அதிபர் தேவையான படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். எதிரி இன்னார் என்று பெயர் இல்லை. எந்த நாட்டில் என்ற எல்லை இல்லை. எப்போது முடியும் என்ற கெடுவும் இல்லை. அவர்கள் யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பும் அதிபரிடமே விடப்பட்டது.

எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ. முடிவு என்னவென்றே தெரியாத போருக்கு வாசலைத் திறந்து விடுகிறோம் என்பது அவருடைய அச்சம். அதற்குப் பரிசாகக் கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் பாதுகாப்புடன் நடமாட வேண்டிய நிலை ஏற்பட்டது.

அவருடைய அச்சம் எப்படிப் பலித்தது என்பதற்கு சோமாலியாவைப் பார்த்தால் போதும். 2001ல் அல் ஷபாப் என்ற அமைப்பே கிடையாது. ஆனாலும் 2016ன் இறுதியில் ஒபாமா நிர்வாகம் அந்த அமைப்பு முழுவதையும் இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. அல் காயிதாவின் 'கூட்டுப் படை' என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 'கூட்டுப் படை' என்ற சொல் சட்டத்தில் எங்குமே இல்லை. அரசு வழக்கறிஞர்களின் விளக்கத்தில் பிறந்தது அது.

ஐ.எஸ். விஷயம் இன்னும் விசித்திரம். 2014 பிப்ரவரியில் அல் காயிதா தலைமையே ஐ.எஸ்ஸுடன் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று அறிவித்துவிட்டது. அதே ஆண்டில் சிரியாவில் ஐ.எஸ். மீது குண்டு வீசியபோது, அல் காயிதாவுக்கு எதிரான இதே சட்டத்தைத்தான் வாஷிங்டன் ஆதாரமாகக் காட்டியது.

இந்த அமைப்புகளுக்கு யாரும் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் மொகதிஷுவில் லாரி குண்டு வெடித்து 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அல் ஷபாப் மீது குற்றம் சாட்டப்பட்ட அந்தக் கொடூரத்தில் செத்தவர்கள் அந்நகரத்தின் சாதாரண மக்கள். கேள்வி வேறு. யாரைக் கொல்லலாம் என்பதை முடிவு செய்வது யார்? தவறு நேர்ந்தால் பதில் சொல்வது யார்?

2021 ஆகஸ்ட் 29. அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற ஒரு நாளே மீதம். அதற்கு மூன்று நாட்கள் முன்பு காபூல் விமான நிலைய வாசலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்க வீரர்களும் ஏராளமான ஆப்கானியரும் இறந்திருந்தனர். அடுத்த தாக்குதல் எந்த நேரமும் வரலாம் என்ற பதற்றம். அன்று ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா காரை ட்ரோன்கள் சுமார் 8 மணி நேரம் பின்தொடர்ந்தன. காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருட்கள் என முடிவு செய்யப்பட்டது. கார் வீட்டு முற்றத்தில் நுழைந்தபோது ஏவுகணை பாய்ந்தது.

இறந்தவர்கள் 10 பேர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். கார் ஓட்டியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர். அவர் ஏற்றியது வீட்டுக்கான தண்ணீர் கேன்கள்.

முதலில் முப்படைத் தளபதி மார்க் மில்லி அதை நியாயமான தாக்குதல் என்றார். செய்தியாளர்கள் காபூலில் விசாரித்து உண்மையை வெளியிட்ட பிறகே, செப்டம்பர் 17 அன்று, பெண்டகன் தவறை ஒப்புக்கொண்டது. டிசம்பரில் யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அறிவித்துக் கோப்பை மூடியது. செய்தியாளர்கள் எளிதில் போக முடியாத சோமாலியக் கிராமத்தில் இதே தவறு நடந்தால் யார் போய் விசாரிப்பார்கள்?

காங்கிரசுக்கே பல நேரங்களில் விவரம் தெரிவதில்லை. 2017 அக்டோபரில் நைஜரின் டோங்கோ டோங்கோ கிராமத்தருகே 4 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டபோது, அந்நாட்டில் ஆயிரம் அமெரிக்க வீரர்கள் இருப்பது தனக்குத் தெரியாது என்று மூத்த செனட்டர் லிண்ட்சே கிரகாமே சொன்னார். அதே நைஜரின் அகடெஸ் நகரில் சுமார் 11 கோடி டாலர் செலவில் ட்ரோன் தளம் கட்டினார்கள். 2023ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டே அமெரிக்கர்களை வெளியேறச் சொன்னது. தளத்தை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

2025 செப்டம்பரில் கதை இன்னொரு திசையில் திரும்பியது. கரீபியன் கடலில் ஒரு படகை அமெரிக்கப் படை தாக்கியதில் 11 பேர் இறந்ததாக டிரம்ப் அறிவித்தார். போதைப்பொருள் கடத்தும் பயங்கரவாதிகள் என்றார். தொடர்ந்து மேலும் பல படகுகள் தாக்கப்பட்டன. ஓர் அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தால் அதன் சொத்தை முடக்கலாம், உதவுவோர் மீது வழக்குத் தொடுக்கலாம். போர் தொடுக்க அந்தப் பட்டியல் அனுமதி தருவதில்லை. இம்முறை 2001 சட்டத்தைக்கூட அவர்கள் துணைக்கு அழைக்கவில்லை; முப்படைத் தலைவர் என்ற அதிபரின் அதிகாரமே போதும் என்கிறார்கள். பயங்கரவாதி என்று பெயர் சூட்டிவிட்டால் விசாரணை வேண்டாம் என்ற பழக்கம் அத்தனை ஊறிப்போய்விட்டது.

சட்டத்தை நீக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2017 ஜூனில் பார்பரா லீ கொண்டுவந்த திருத்தத்தைக் குழு ஏற்றது. சபைத் தலைமை சத்தமில்லாமல் நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் செனட்டில் ராண்ட் பால் முயன்றார். 61க்கு 36 என்ற கணக்கில் தோற்றார். உறுப்பினர்களின் தயக்கம் புரியாததல்ல. போருக்கு வாக்களித்தால் தோல்வியில் பங்கு வரும். சட்டத்தை நீக்கிய மறுநாள் குண்டு வெடித்தால் பழி வரும். பழைய வாக்கை அப்படியே விட்டுவிட்டால் இரண்டும் இல்லை.

பார்பரா லீ 2025 ஜனவரியில் சபையிலிருந்து விடைபெற்று, பின்னர் ஓக்லாந்து நகர மேயரானார். அவர் ஒருவர் மட்டும் எதிர்த்த சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.