மரபணுவை மௌனமாக்கும் வித்தை

ஒரு மரபணுவின் பணி இன்னதென்று அறிய, அதை அடியோடு நீக்கிவிட்டு, அது இல்லாமல் பிறக்கும் பிராணியின் சரீரத்தில் என்ன குறை நேர்கிறது என்று கவனிப்பது விஞ்ஞானிகள் கையாண்டுவரும் உபாயங்களுள் ஒன்று. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ‘அபோ-பி’ என்னும் புரதத்துக்குரிய மரபணு அறவே இல்லாத சுண்டெலி, கர்ப்பத்திலேயே மாண்டுபோகிறது. வளர்ந்த எலியில் அம்மரபணு என்ன செய்கிறது என்பதை அந்தக் கரு எவ்வாறு சொல்லும்?

இதற்குப் பரிகாரமாக வாய்த்ததே, சுமார் 21 நியூக்ளியோடைடுகள் நீளமுள்ள ஈரிழைத் துணுக்கான ‘எஸ்ஐ ஆர்என்ஏ’. மரபணு உயிரணுவின் கருவிலேயே இருக்க, புரதம் செய்வதற்கான கட்டளை தூது ஆர்என்ஏ என்ற பிரதியாக வெளியே வருகிறது. நம் துணுக்கின் ஓர் இழை ‘ஆர்கொனாட்’ என்னும் புரதத்தில் அமர்ந்து, தனக்குப் பொருந்தும் பிரதியைத் தேடிப் பிடித்து வெட்டச் செய்கிறது. மூலச்சுவடியைத் தொடாமல், அதிலிருந்து எழுதப்படும் படிகளை மட்டும் கிழித்தெறிவது போன்ற காரியம் இது. துணுக்குகள் தீர்ந்ததும் மரபணு மீண்டும் பேசத் தொடங்கும்.

ஈரிழை ஆர்என்ஏ மரபணுவை மௌனமாக்கும் என்ற இந்த இயற்கை விதியை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-இல் ஒரு சிறு புழுவில் கண்டு வெளியிட்டு, 2006-இல் நோபல் பரிசு பெற்றனர். பாலூட்டிகளிலோ, நீண்ட ஈரிழை ஆர்என்ஏ நுழைந்தால், வைரஸ் புகுந்துவிட்டதாகக் கருதி உயிரணு தற்காப்பில் இறங்கிவிடும். குறுகிய துணுக்கானால் அந்தக் கலவரம் பெரும்பாலும் எழுவதில்லை என்பதைத் தாமஸ் டுஷ்லின் குழுவினர் 2001-இல் நிரூபித்தனர்.

எஞ்சியிருந்த கஷ்டம், துணுக்கை உரிய அவயவத்துக்குக் கொண்டுசேர்ப்பது. தொடக்கத்தில், எலியின் வாலிலுள்ள சிரை வழியே ஏறக்குறைய 2 மில்லிலிட்டர் திரவத்தைச் சில விநாடிகளில் செலுத்தினார்கள். 20 கிராம் எலியின் மொத்த இரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அத்தனையையும் இருதயம் தாங்கமாட்டாமல், திரவம் பின்னோக்கிக் கல்லீரலுக்குள் பாயும். பின்னர் 2004-இல், துணுக்கோடு கொலஸ்டிராலை இணைத்துச் சாதாரண ஊசியாகவே செலுத்தி, வளர்ந்த எலிகளில் ‘அபோ-பி’யை அடக்கியபோது, அவற்றின் இரத்தக் கொலஸ்டிராலும் குறைந்தது.

ஆயினும் துணுக்கு சில சமயம் வேறு பிரதிகளையும் தாக்குமாதலால், வரிசை குலைத்த போலித் துணுக்கை வேறு எலிகளுக்குச் செலுத்தி ஒப்பிடுவதும், ஒரே மரபணுவுக்கு எதிராக வெவ்வேறு துணுக்குகளைப் பிரயோகித்து ஒரே விளைவு வருகிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதவை. இச்சோதனைகளில் தேறாத முடிவை, அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், ஏற்பதற்கில்லை.