மாத்திரை ஒன்றே, விலை வேறு: நீரிழிவுடன் வெளிநாடு செல்வோர் அறிய வேண்டியவை

உயர்கல்விக்காகவும் வேலைக்காகவும் இந்தியாவிலிருந்து வெளிநாடு புறப்படுவோரின் ஏற்பாடுகளில் விசா, தங்குமிடம், குளிருடை ஆகியவை முதலில் இடம்பெறுகின்றன. நாள்தோறும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களும்கூட மருந்தைப் பற்றிப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் யோசிக்கின்றனர். மூன்று மாதங்களுக்கு வாங்கிச் சென்றால் போதும், பிறகு ஊரிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம் என்பது பல குடும்பங்களின் கணக்கு. அது பிழைப்பது நான்காவது மாதத்தில்.

இந்தியாவில் அத்தியாவசிய மருந்துகளுக்கு 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு விலை நிர்ணயிக்கப்படுகிறது. மெட்ஃபார்மின் மாத்திரையும் மனித இன்சுலினும் அப்பட்டியலில் உள்ளன. 10 மில்லி லிட்டர் மனித இன்சுலின் குப்பி இங்கு சுமார் 200 ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. மக்கள் மருந்தகங்களில் மாத்திரைகளின் விலை இன்னும் குறைவு. இந்தப் பழக்கத்துடன் வெளிநாட்டு மருந்துக் கடைக்குச் செல்பவருக்கு முதல் ரசீது அதிர்ச்சி தரும்.

அமெரிக்காவில் 'ஹியூமலாக்' என்ற இன்சுலினின் ஒரு குப்பி 2023 வரை 274.70 டாலருக்குப் பட்டியலிடப்பட்டிருந்தது. இதன் வகையும் செறிவும் வேறு என்பதால் இந்திய விலையுடன் நேராக ஒப்பிட முடியாது. ஆயினும் இடைவெளி மலைக்கத்தக்கது. யேல் நீரிழிவு மையத்தில் இன்சுலின் பெற்றுவந்தோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் செலவைக் கருதி மருந்தின் அளவைத் தாமாகவே குறைத்துக்கொண்டது தெரியவந்தது. பின்னர் நிலைமை ஓரளவு மாறியது. முதியோருக்கான 'மெடிகேர்' காப்பீட்டில் இன்சுலினுக்கான மாதச் செலவு 2023 ஜனவரி முதல் 35 டாலராக வரம்பிடப்பட்டது. எலி லில்லி நிறுவனம் அதே ஆண்டு 'ஹியூமலாக்' விலையை 70 சதவீதம் குறைத்ததுடன், காப்பீடு இல்லாதவர்களும் மாதம் 35 டாலருக்குள் பெறும் திட்டத்தையும் விரிவுபடுத்தியது. இத்தகைய திட்டங்களுக்கு நோயாளி தாமே பதிவு செய்ய வேண்டும் என்பதால், புதிதாக வந்தவருக்கு அவை இருப்பதே தெரியாமல் போவது இயல்பு.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோரின் சிக்கல் வேறு. பார்வையாளர் காப்பீடுகளில் பெரும்பாலானவை, பயணத்துக்கு முன்பே இருந்த நோயின் வழக்கமான சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. அங்கு ஆறு மாதம் வரை தங்க முடியும் என்றாலும், சொந்தப் பயன்பாட்டுக்குப் பொதுவாக 90 நாள் மருந்தை மட்டுமே கொண்டுசெல்லலாம் என்பது அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். அதற்கு மேல் தங்கும் வெளிநாட்டவருக்கு ஊரிலிருந்து மருந்து அனுப்ப வேண்டுமானால் விசா, கடவுச்சீட்டு நகல்களும் மருத்துவரின் கடிதமும் பொட்டலத்துடன் இருக்க வேண்டும். இவையின்றி அனுப்பப்படும் மருந்து சுங்கத்தில் நின்றுபோகும்.

பிரிட்டனில் விசா விண்ணப்பத்தின்போதே, தங்கும் காலம் முழுவதற்குமான சுகாதாரக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. 2024 பிப்ரவரி முதல் இது ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மாணவர்களுக்கு 776 பவுண்டு. பெருந்தொகைதான், ஆனால் முன்பே இருந்த நோய் என்று இங்கு எவரும் ஒதுக்கப்படுவதில்லை. இங்கிலாந்தில் மருத்துவர் எழுதித்தரும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு செலுத்த வேண்டும். மருந்தால் நீரிழிவைக் கட்டுப்படுத்துவோர் விலக்குச் சான்றிதழ் பெற்றால் எந்த மருந்துக்கும் கட்டணம் இல்லை. தைராய்டு சுரப்புக் குறைவு, வலிப்பு ஆகியவற்றுக்குத் தொடர் மருந்து எடுப்போருக்கும் இச்சலுகை உண்டு. உயர் ரத்த அழுத்தத்துக்கு இல்லை. இந்தச் சான்றிதழும் தானாக வராது. முதலில் வசிப்பிடத்துக்கு அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து, அவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் இந்த மருந்துக் கட்டணமே கிடையாது.

கனடாவில் மருத்துவரைப் பார்ப்பது இலவசம் என்பதைக் கேட்டு மருந்தும் இலவசம் என நம்பிச் செல்பவர்கள் உண்டு. மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்து மாகாணத் திட்டத்தையோ, பணியிடக் காப்பீட்டையோ, சொந்தப் பணத்தையோ சார்ந்தது. நீரிழிவு மருந்துகளை உள்ளடக்கிய தேசிய மருந்துத் திட்டச் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒப்பந்தம் செய்துகொண்ட மாகாணங்களில்தான் அதன் பலன் கிடைக்கும்.

பெயரில் உள்ள சிக்கல்

விலைக்கு முன்பாகவே, மருந்து அங்கு விற்கப்படுகிறதா என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவில் பரவலாக எழுதப்படும் டெனெலிகிளிப்டின் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இல்லை. வில்டாகிளிப்டின் பிரிட்டனில் உண்டு, அமெரிக்காவில் இல்லை. வோக்லிபோஸும் அமெரிக்காவில் விற்பனைக்கு வரவில்லை. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை இங்கு எடுத்துக்கொள்பவர், அதன் வணிகப் பெயரை மட்டும் வெளிநாட்டு மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. மூலப்பெயர்களிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். கிளிபென்கிளமைடு அங்கு கிளைபுரைடு.

எனவே, புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தமது மருத்துவரைச் சந்திப்பது பயன்தரும். செல்லும் நாட்டில் கிடைக்கும் மருந்துக்கு இங்கேயே மாறி, அது உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சிரிஞ்சில் உள்ள ஆபத்து

இந்தியக் குப்பிகளில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலிய நாடுகளில் 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சுகள் தனித்தனி. 40 யூனிட் சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சில், அங்கு வாங்கிய இன்சுலினை 20 என்ற கோடு வரை ஏற்றினால் உடலுக்குள் செல்வது 50 யூனிட். சர்க்கரை அளவு திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மாறாக, இந்திய இன்சுலினை அங்குள்ள சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் கிடைப்பது 8 யூனிட் மட்டுமே. பேனா வகை இன்சுலின்கள் இந்தியாவிலும் பெரும்பாலும் 100 யூனிட் செறிவுடையவை என்பதால், பயணத்துக்கு முன்பே அதற்கு மாறுவது பலருக்கு எளிய வழி.

சர்க்கரை அளவைக் குறிக்கும் எண்ணும் மாறுகிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் மீட்டர் '10' என்று காட்டினால் அது இந்தியக் கணக்கில் 180; அந்த எண்ணை 18ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சட்டம் தடுக்கும் மருந்துகள்

நீரிழிவால் வரும் நரம்பு வலிக்கு இங்கு சாதாரணமாக எழுதப்படும் பிரிகாபலின், பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அங்கு டிராமடால், கோடீன் கலந்த மருந்துகளை முன்அனுமதியின்றிக் கொண்டுசென்றால் கைது வரை போகலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், உறவினருக்கென அண்டை வீட்டார் கொடுத்தனுப்பும் மருந்துப் பொட்டலத்தை வாங்காதிருப்பது நல்லது.

எந்த நாடாயினும், மருந்தை அதன் அசல் அட்டையிலோ குப்பியிலோ வைத்து, ரசீதுடன் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கு அறையில் உறைந்துபோனால் இன்சுலின் வீணாகிவிடும் என்பதால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். உடன் கொண்டுசெல்லும் மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது அவசியம். நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், மில்லி கிராம் அளவு, இன்சுலினாயின் அதன் செறிவு, ஊசி தேவைப்படும் காரணம், அண்மைய எச்பிஏ1சி முடிவு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.