சஞ்சிக் கூலியும் சட்டத்தின் தராசும்

மலாயாத் தமிழர் வழக்கில் 'சஞ்சிக் கூலி' என்றொரு தொடர் உண்டு. ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த தொழிலாளியை அது குறிக்கும். 'சஞ்சி' என்பது மலாய் மொழியின் 'ஜஞ்சி' என்னும் சொல்லின் திரிபு என்பர், பொருள், வாக்குறுதி. ஒருவன் கொடுத்த வாக்கே அவனுக்கு விலங்கானதை இச்சொல் சொல்லாமற் சொல்லுகிறது. அவ்விலங்கைக் காத்தவர்கள் தோட்டத்தார் மட்டும் அல்லர்; போலீசும் நீதிமன்றமும் துணை நின்றன. போலீஸ் நடுநிலையாக நடக்கிறதா, இனம் பார்க்கிறதா என்ற விவாதம் மலேசியாவில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதன் பழைய வேர்களுள் ஒன்று கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது.

சுங்கை பாக்காப், நிபோங் திபால் முதலிய ஊர்கள் அடங்கிய நிலப்பகுதி வெல்லஸ்லி மாகாணம் என்று வழங்கிய காலத்தில் கரும்புக்குப் பேர்பெற்றது. ரப்பர் வந்தது பின்னர்தான். காடழித்து, வாய்க்கால் வெட்டி, கரும்பு வெட்டி ஆலைக்குச் சுமந்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். கப்பற் செலவும் முன்பணமும் அவர்கள் தலைமேற் கடனாக ஏறின. வேலையை விட்டு ஒருவன் நீங்கினால் நேர்ந்தது என்ன?

இந்திய அரசின் கீழ் இருந்த இந்நாட்டிலும் 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் வழங்கியது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலை செய்ய மறுத்தால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். கீழ்ப்படியாதவனை மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கலாம். கூலி தராத முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை. ஒரே ஒப்பந்தத்தை இருவர் மீறுகின்றனர். ஒருவனது மீறல் குற்றம், மற்றவனது மீறல் வெறும் வழக்கு. தராசு சாய்ந்தது தீர்ப்பு நாளிலன்று. எது குற்றம் என்று எழுதிய நாளிலேயே அது சாய்ந்துவிட்டது. பின்னர் 1876-இலும் 1884-இலும் இந்தியக் குடியேறிகளுக்கெனத் தனிச் சட்டங்கள் வந்தன. பாதுகாப்பு என்று அவற்றுக்குப் பெயர் இருந்தது. தோட்டத்தை விட்டு ஓடுதல் அப்போதும் குற்றமாகவே நின்றது. முறையிட விரும்பியவன் தோட்டத்துக்கு வெளியே செல்ல வேண்டும். உத்தரவின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினாலோ அவன் ஓடிப்போனவன்! இதனினும் இறுக்கமான முடிச்சைக் காண்பது அரிது.

இங்கிலாந்திலும் இத்தகைய சட்டம் இருந்ததுண்டு. அங்கே தொழிலாளர் சங்கங்கள் போராடி 1875-இல் அதை ஒழித்தன. அவ்வாண்டுக்குப் பின் இலண்டனில் வேலையை விட்டுச் சென்றவன்மேல் பொதுவாகப் பணத்துக்கு வழக்கிடலாம். அதே அரசியின் ஆட்சியில் வெல்லஸ்லி மாகாணத்தில் அவன் சிறைக்குச் செல்ல வேண்டும். இங்கு ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது என்று சொல்வோர் பலர். வேலையை விட்டதற்கான சிறைத்தண்டனை அதற்குப் பின்னும் தொடர்ந்து, 1920-களின் தொடக்கத்தில்தான் நீங்கியது என்பதைச் சொல்வோர் சிலரே.

தொழிலாளி அடிபட்டால் யார் சொல்வது? 1873-இல் இம்மாகாணத்து மலாக்கோப் தோட்டத்தில் தமிழர் கொடுமைக்கு உள்ளானதை அறிக்கையாக எழுதியவர் காக்லன் என்னும் அரசு மருத்துவர். போலீஸ் எழுதவில்லை, தோட்டத்துக்கு வெளியே நின்ற ஒருவர் எழுதினார்.

நூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு மருத்துவரின் சொல்லே வேண்டியிருந்தது. 2009 ஜனவரி 20-ஆம் நாள், சிலாங்கூரில் சுபாங் ஜெயா வட்டாரத்துப் போலீஸ் காவலில் அ. குகன் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர் இறந்தார். முதற் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பத்தார் கேட்டுப் பெற்ற இரண்டாவது பரிசோதனை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. அடிபட்ட தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததை அது கண்டது. 2013-இல் உயர்நீதிமன்றம் போலீசையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி 8,01,700 ரிங்கிட் இழப்பீடு விதித்தது. முதல் அறிக்கையோடு குடும்பம் அடங்கியிருந்தால் அத்தீர்ப்புக்கு இடமே இராது.

இதை இந்தியர் துயரம் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. அதே 2009-இல், ஊழல் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்குச் சென்ற தியோ பெங் ஹோக் என்னும் சீன இளைஞர் ஷா ஆலத்தில் அக்கட்டடத்திலேயே இறந்து கிடந்தார். எல்லா இனத்தாரும் கேட்பது ஒன்றுதான்: போலீசின்மேல் வரும் புகாரைப் போலீசே விசாரிக்கலாமா? முன்னாள் தலைமை நீதிபதி முகமது சைடின் தலைமையில் 2004-இல் அமைந்த அரச ஆணையம் இக்கேள்வியை ஆராய்ந்து, மறு ஆண்டில் 125 பரிந்துரைகளைத் தந்தது. போலீசுக்குப் புறத்தே நின்று விசாரிக்கவும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் வல்ல தனி ஆணையம் ஒன்று வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. பதினேழு ஆண்டு இழுபறிக்குப் பின் 2022-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. 2023 ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமைந்த ஆணையம் புகாரை விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மட்டும் அதனிடம் தரப்படவில்லை.