மனுவில் 'தேர்ஃபோர்' எங்கே வர வேண்டும்?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றையும் முகத்துவாரத்தையும் மூடியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. இத்தனையும் பட்ட மக்களுக்கு மனு எழுதுவது வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிட்டது.

மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குத் தமிழ் மனு போதும். 2023 எண்ணெய்க் கசிவைத் தானாக முன்வந்து விசாரித்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளோ ஆங்கிலத்தில் வருகின்றன. அங்கே செல்லும் மனுவில் ஆங்கிலச் சொற்கள் இடமறிந்து நிற்க வேண்டும்.

பணிவு ஒரு வரி போதும்

'வித் டியூ ரெஸ்பெக்ட்' என்று தொடங்குவதில் தவறில்லை. அதையே நான்கு விதமாகச் சொன்னால், படிப்பவர் விஷயத்துக்கு வருமுன் களைத்துவிடுவார். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடித்தால் கோரிக்கையே காணாமல் போகிறது. எந்தத் துறை, எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும்? ஆற்று நீரைப் பரிசோதிப்பதா, பாழான வலைக்கு இழப்பீடா? அதை எழுதுங்கள்.

இணைப்பில்தான் வழக்கு

'ஆற்றில் எண்ணெய் வந்தது. மோர்ஓவர், இறால் கிடைக்கவில்லை' என்று எழுதினால் இரண்டும் தனித்தனிக் குறைகளாகிவிடும். 'தேர்ஃபோர்' அல்லது 'ஆஸ் எ ரிசல்ட்' என்று எழுதினால், எண்ணெய்தான் காரணம் என்று குற்றம் சாட்டுகிறீர்கள். அதற்குத் தேதியிட்ட படம், ஆய்வறிக்கை, முந்தைய மாத விற்பனைக் கணக்கு எல்லாம் பின்னால் நிற்க வேண்டும். சான்று இன்னும் கைக்கு வரவில்லையா? 'சின்ஸ் தென்' என்று எழுதுங்கள். அன்றிலிருந்து மீன்பாடு இல்லை என்பது உங்கள் கண் கண்ட உண்மை. அதை யாரும் அசைக்க முடியாது.

'ஹவ்எவர்' எதிர்ப்பக்கம் திரும்பும் இடத்துக்கு உரியது: சுத்தம் செய்தாயிற்று என்கிறது அறிக்கை, ஹவ்எவர், அலையாத்தி வேர்களில் எண்ணெய் ஒட்டியிருக்கிறது. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்துக்கு நடுவில் 'பட்' வேண்டாம்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள பள்ளிகளில் கடிதப் பாடத்துக்கு விடுப்பு விண்ணப்பத்தோடு இப்படி ஒரு மனுவையும் எழுதப் பழக்க வேண்டும். எதிரே அமரும் வழக்கறிஞர் முதலில் தட்டிப் பார்ப்பது காரணமும் விளைவும் சேரும் இடத்தைத்தான். அந்த இடத்தை உறுதியாக எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு குப்பத்திலும் இருக்க வேண்டும்.