பார்க்கின்சன் நோய்: தலைக்கு மின்சாரம், காலுக்குப் பயிற்சி

பார்க்கின்சன் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கை நடுக்கம். ஆனால் குடும்பத்தையே பயமுறுத்துவது கீழே விழுவதுதான். இடுப்பு எலும்பு ஒருமுறை முறிந்தால் போதும், நடமாட்டமே நின்றுபோகலாம்.

நடுமூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவது இந்த நோயின் அடிப்படை. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். விறைப்பும் மந்தமும் குறையும். சமநிலைக் கோளாறுதான் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. நரம்பியல் டாக்டர் பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பார்ப்பார். மற்றவர்கள் ஒன்றிரண்டு அடி பின்வைத்துச் சமாளித்துவிடுவோம். நோய் முற்றியவர் அப்படியே சாய்வார்.

இந்தச் சமாளிப்பைப் பயிற்சியால் மேம்படுத்தலாம். அமெரிக்காவின் ஓரிகானில் 195 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. வாரம் இரண்டு முறை, 24 வாரம். தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, தை சி பழகியவர்கள் குறைவாகவே விழுந்தார்கள்.

சரி, மின்சாரம் எதற்கு? உப்புநீரில் நனைத்த பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து 1 முதல் 2 மில்லிஆம்பியர் வரை, 20 நிமிடம்போலச் செலுத்துவார்கள். சாதாரண இண்டிகேட்டர் எல்.இ.டி.க்கே இதைவிட அதிகம் வேண்டும்! இவ்வளவு சின்ன மின்னோட்டம் நரம்பு செல்லைச் சுட வைக்காது. அது சுடுவதற்கான வாசலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பயிற்சி செய்தால் மூளை அதை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

2014-இல் லண்டன் குழு ஒன்று 16 பேரிடம் இதைச் சோதித்தது. பயிற்சியோடு மின்சாரம் சேர்ந்தபோது நடை வேகம், வெறும் பயிற்சியைவிட அதிகமாகக் கூடியது. மின்சாரம் மட்டும் கொடுத்தபோது தனிப் பலன் எதுவும் இல்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வரிதான்.

ஆனால் 16 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. தவிர, இந்த நோயில் நம்பிக்கையே மருந்தாக வேலை செய்யும். 'மருந்து' என்று நம்பிப் போலி ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் டோபமின் சுரப்பதைக் கனடா ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். அதனால்தான் போலி மின்சாரத்தோடு ஒப்பிடாத ஆய்வை நான் கணக்கில் எடுப்பதில்லை. தொடக்கத்தில் சில நொடி தோல் சுருக்கென்னும், பிறகு கருவியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். நோயாளிக்குத் தெரியாது. 2016-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும், இந்தச் சிகிச்சை பற்றி முடிவு சொல்லப் போதுமான சான்று இல்லை என்றே முடித்தது.

கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்போது வேண்டாம். பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்து பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். மூளைக்குள் டி.பி.எஸ். கருவி பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிட்டேயே போகக் கூடாது. அந்தப் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சில மாதம் போகலாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்துப் பயிற்சி செய்யுங்கள். பக்கத்தில் சுவரும், பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் கட்டாயம் இருக்கட்டும்.