பூஸ்ட் மீட்டர் முள் என்ன சொல்கிறது?



ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பட்டுச்சேலை. அந்தச் சேலை காஞ்சிபுரத்துக்கும் வேலூருக்கும் போவதும், ரைஸ்மில் அரிசி மூட்டைகள் சந்தைக்குப் போவதும் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளில்தான். இந்த வண்டிகளில் பல இன்று டர்போ டீசல். 2011-ல் ஓசூரில் தயாரிப்பைத் தொடங்கிய அசோக் லேலண்ட் தோஸ்த் கூட மூன்றே சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின்தான்.

சில டிரைவர் அண்ணன்கள் டாஷ்போர்டில் தனியாக ஒரு பூஸ்ட் மீட்டர் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "முள்ளு ஏறலைன்னா டர்போ போச்சு" என்று ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால்தான் பல குடும்பங்களின் பணம் வீணாகிறது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

டர்போ என்ன செய்கிறது?

சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகைக்கு வேகமும் வெப்பமும் இருக்கிறது. அது ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். இந்த யோசனைக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்பிரட் பூச்சி. இன்று மாமல்லபுரம் பக்கத்திலுள்ள பையனூரிலேயே டர்போ எனர்ஜி நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. சின்ன வண்டியின் டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் என்றால் நம்ப முடிகிறதா?

மீட்டர் எதை அளக்கிறது?

இன்டேக் மேனிபோல்டில் உள்ள காற்றழுத்தம், வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். அதனால் ஐடிலிங்கில் முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அது கோளாறு அல்ல. 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ. மீட்டர் 1 பார் காட்டினால், உள்ளே இருக்கும் முழு அழுத்தம் ஏறக்குறைய 2 பார்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கம்ப்யூட்டர் ஸ்கேனரை மாட்டினால் அது பெரும்பாலும் முழு அழுத்தத்தைக் காட்டும். எஞ்சின் நிற்கும்போதே 1 பார் என்று வரும். "ஒண்ணு காட்டுது, டர்போ நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடக் கூடாது. அது வெறும் வெளிக்காற்று! போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி 700 மீட்டர் உயரத்துக்குப் போனால் அந்த வெளிக்காற்றே சுமார் 0.93 பாராகக் குறைந்துவிடும்.

முள் எப்போது ஏறும்?

டர்போவைச் சுற்றுவது புகையின் சக்தி. நிறைய டீசல் எரிந்தால்தான் அந்தச் சக்தி வரும். எஞ்சினுக்குப் பாரம் வந்தால்தான் நிறைய டீசல் எரியும். ஆகவே முள் காட்டுவது டர்போவின் ஆரோக்கியத்தை மட்டுமல்ல, எஞ்சின் சுமக்கும் பாரத்தையும்தான். காலி வண்டி சமதளத்தில் போனால் முள் சோம்பேறியாக இருக்கும். மூட்டை ஏற்றி மேட்டில் ஏறினால் எழும். நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பெரிதாக ஏறாது.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும்? என் மாமா கடனில் ஒரு பிக்கப் ஓட்டுகிறார். ஒருநாள் மேட்டில் இழுவை குறைந்தது. ஒரு பட்டறையில் நியூட்ரலில் ரேஸ் செய்து பார்த்து, "முள்ளு எழவே இல்ல, டர்போ மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை மாமாவுக்கு மூன்று மாத டியூ. நான் அவரோடு வண்டியில் ஏறி, பாரத்தோடு மூன்றாவது கியரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வழக்கமாக 14 பிஎஸ்ஐ ஏறும் இடத்தில் 6 தான் வந்தது. கூடவே 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இன்டர்கூலர் ரப்பர் ஹோஸ், கிளாம்புக்கு அடியில் கிழிந்திருந்தது. ஹோஸை மாற்றியதும் பழைய 14 வந்துவிட்டது. டர்போவில் ஒரு குறையும் இல்லை.

முள் குறைந்தால் எங்கே தேடுவது?

1. சத்தமும் கரும்புகையும் இருந்தால்: ஹோஸ், கிளாம்பு, இன்டர்கூலரில் காற்றுக் கசிவு. பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்குவது போல, சோப்புத் தண்ணீர் தடவி, மேனுவல் சொல்லும் அளவு காற்று கொடுத்தால் நுரை காட்டிக்கொடுக்கும்.

2. புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால்: டீசல் பில்டர் அடைப்பாக இருக்கலாம். டீசல் குறைந்தால் புகையின் சக்தி குறையும், பூஸ்டும் குறையும். இங்கே டர்போ குற்றவாளி அல்ல.

3. ஏர் பில்டர் அடைத்தால், இழுக்கும் பக்கமே மூச்சுத் திணறும்.

4. வேஸ்ட்கேட் திறந்தே மாட்டிக்கொண்டால் புகை டர்பைனைச் சுற்றாமல் தப்பிவிடும்.

5. மீட்டருக்கு வரும் சின்ன ட்யூபே வெடித்திருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள், செலவு குறைவு!

இத்தனையும் பார்த்த பிறகுதான் டர்போ தண்டின் ஆட்டத்தையும் ஆயில் கசிவையும் பார்க்க வேண்டும். மாறாக, முள் வழக்கத்தைவிட மேலே போனால் சந்தோஷப்படாதீர்கள். வேஸ்ட்கேட் திறக்கவில்லை என்று அர்த்தம் ஆகலாம். எஞ்சினுக்கு ஆபத்து.

மீட்டருக்குத் தெரியாத ஒன்று

அழுத்தினால் காற்று சூடாகும். 35 டிகிரி காற்றை 2 பார் முழு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் சுமார் 130 டிகிரி வரை வரும். நாம் படித்த வாயுச் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: காற்றின் எடை இரண்டு மடங்கு ஆகாது, ஒன்றரை மடங்குதான். இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்கு இறக்கினால் 1.85 மடங்கு. மீட்டரில் இரண்டுக்கும் ஒரே 1 பார்தான்! இன்டர்கூலர் முகப்பில் சேறு அப்பியிருந்தால் முள் சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமான அளவு எது?

எல்லா வண்டிக்கும் பொதுவான எண் கிடையாது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா தறி நெய்பவர். பாவின் மேல் விரலை வைத்ததும் தொய்வு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அளவுகோல் எதுவும் இல்லை. நல்ல பாவு எப்படி இருக்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். நமக்கு அந்த அனுபவம் வர வருஷக்கணக்காகும். ஆனால் நமக்கு எழுதத் தெரியும். வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த மேடு, எத்தனை மூட்டை, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், முள் எங்கே. மேனுவலில் உள்ள அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒருநாள் முள் குறைந்தால், எவ்வளவு குறைந்தது என்று உங்களால் சொல்ல முடியும்.

நம் தெருவில் யாராவது "டர்போ போச்சாம், தம்பி" என்று கவலையோடு வந்தால், "எந்த கியர்ல, எவ்வளவு லோடுல பாத்தீங்கண்ணே?" என்று முதலில் கேளுங்கள். நாம் படிக்கும் டிப்ளமோ ஒரு குடும்பத்தின் மூன்று மாத டியூவைக் காப்பாற்ற அந்தக் கேள்வியே போதும்.