பழைய தோட்டத்து ட்ரக்டர்: வாங்கும்போது கணக்கு, விற்கும்போது நேர்மை

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஹட்டனில் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது ஒரு தம்பி என்னை நிறுத்தினார். ஆறு வருடம் சவூதியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். "நானா, நுவரெலியாப் பக்கம் ஒரு பழைய மெஸி பெர்குசன் ட்ரக்டர் விலைக்கு வந்திருக்கு. மரக்கறி ஏத்தலாம், பசளை ஏத்தலாம் என்று பார்க்கிறேன். எடுக்கலாமா?" என்று கேட்டார். ட்ரக்டர் எப்படி இருக்கிறது என்றேன். "போன உடனே ஸ்டார்ட் ஆகுது, பெயின்ட்டும் புதுசு" என்றார்.

அவர் சொன்ன அந்த இரண்டும்தான் என்னை யோசிக்க வைத்தன. பல வருடங்களுக்கு முன் இதே இரண்டையும் பார்த்துத்தான் நானும் ஒரு தரகரிடம் ட்ரக்டர் வாங்கினேன். மூன்றாம் மாதம் கிளட்ச் போனது. ஐந்தாம் மாதம் எஞ்சினைக் கழற்ற வேண்டி வந்தது. வாங்கிய விலையில் பாதிக்கு மேல் திருத்தச் செலவாயிற்று. அந்த நட்டத்தில் நான் படித்ததை எமது சகோதரர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இவை எங்கிருந்து வந்தன?

மலையகத் தோட்டங்களில் கொழுந்தும் விறகும் பசளையும் ஏற்றித் திரிந்த பழைய சிவப்பு ட்ரக்டர்களில் நாம் அதிகம் காண்பவை மெஸி பெர்குசன் 35, 135 ஆகிய இரண்டு வகைகள். 35 என்பது 1957இல் அந்தப் பெயரில் வந்தது. அதன் இடத்தைப் பிடித்த 135, 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் செய்யப்பட்டது. ஆகவே இன்று கைக்கு வரும் ஒன்றின் வயது ஐம்பதுக்கு மேல்.

அந்த ஐம்பது வருடங்களில் தோட்டங்களின் நிர்வாகமும் மாறியது. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிர்வாகம் மாற மாற சாரதி மாறினார், மெக்கானிக் மாறினார், பராமரிப்புக் கொப்பியும் காணாமல் போனது. எனவே விற்பவர் சொல்லும் சரித்திரத்தை விட இயந்திரம் தானே சொல்லும் சரித்திரத்தைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

இந்தப் பழைய ட்ரக்டர்களுக்கு மவுசு வந்ததற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தது. இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டாலும் புதியவற்றின் விலை பழைய நிலைக்கு வரவில்லை. அதனால் பழையதைத் திருத்தி ஓட்டுவதும் திருத்தி விற்பதும் ஒரு தொழிலாகிவிட்டது.

முதலில் ஆவணம், பிறகு இயந்திரம்

பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். அதிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் ட்ரக்டரில் உள்ளவையும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் உரிமையாளராக இருந்தால், அது நீக்கப்படும் வரை முற்பணமும் கொடுக்காதீர்கள்.

அடுத்து, இன்ஜெக்டர்களை எண்ணுங்கள். 35இன் ஆரம்பகால டீசல் ட்ரக்டர்களில் இருந்தது ஸ்டான்டர்ட் கம்பனியின் நாலு சிலிண்டர் எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று பெயர் கெட்டது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மார்கழிக் காலையில் அந்த எஞ்சினோடு மல்லுக்கட்டுவது பெரும் பாடு. 1959இல் வந்த பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் இந்த ட்ரக்டருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. அதே குடும்ப எஞ்சின்களைக் கொண்ட ட்ரக்டர்களை சென்னையின் டாஃபேயும் லாகூரின் மில்லத்தும் பல வருடங்களாகச் செய்து வந்ததால் உதிரிப்பாகங்கள் கிடைக்கின்றன. பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலானவை அகப்படும். ஆனால் எல்லாம் அப்படியே பொருந்தாது. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது

காலையிலேயே, முடிந்தால் சொல்லாமல் போங்கள். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ அதைச் சிரமப்பட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அன்று திரும்பி வந்துவிடுங்கள்.

குளிர்ந்திருந்தால், ஸ்டார்ட் செய்யுமுன் சம்ப்பின் அடியிலுள்ள நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒயிலுக்கு முன் தண்ணீர் வந்தால் கேஸ்கட்டிலோ லைனரிலோ கோளாறு. பிறகு ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெண்புகை சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் கொம்ப்ரஷன் குறைவு, அல்லது இன்ஜெக்டர் பழுது. கரும்புகையைக் கண்டு மட்டும் உடனே பயப்பட வேண்டாம். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ 3 வீதம் என்ற கணக்கில் இவ்வகை எஞ்சின்கள் சக்தியை இழக்கும். காற்று மெலிந்த நுவரெலியாவில் பாரம் இழுக்கும்போது கொஞ்சம் கரும்புகை வரத்தான் செய்யும்.

ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து விசையோடு புகை அடித்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. எஞ்சின் நன்கு சூடேறி வேகமாக ஓடும்போது ஒயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் வரை நிற்க வேண்டும்.

பால் நிற ஒயிலும் ஈரமான பிரேக்கும்

இந்த ட்ரக்டர்களில் கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான், சுமார் 30 லீற்றர். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்தபடி மழையில் நின்றால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அதன் பொருள் இதுதான். ஒயிலை மாற்றினால் மட்டும் போதாது. பெயரிங்கும் பம்ப்பும் துருப்பிடித்ததா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

கிளட்ச் விடயத்தில் கவனம். பலவற்றில் இருப்பது இரட்டைக் கிளட்ச். அதை மாற்ற ட்ரக்டரை நடுவால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாகத்தின் விலையோடு கூலியையும் கணக்கிடுங்கள்.

மலைநாட்டில் எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக். பின்சக்கர அச்சின் ஒயில் சீல் பழுதானால் ஒயில் கசிந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ட்ரெயிலரில் பாரத்தோடு இறக்கத்தில் வரும்போதுதான் தெரியும். ஆகவே ட்ரம்மைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்புவதற்காக அப்படிச் செய்தார்கள். வீதியில் இரண்டையும் கொக்கியால் இணைத்தே ஓட்ட வேண்டும். அந்தக் கொக்கி இல்லாத ட்ரக்டர்களை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பாரத்தோடு போகும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா என்பதையும் பாருங்கள். இறக்கத்தில் அப்படி நடந்தால் உயிர் பிழைப்பது கடினம்.

விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

விற்பவர் சொல்லும் விலையிலிருந்து பேரம் பேசத் தொடங்குவது நாம் விடும் முதல் பிழை. திருத்தி முடித்த பின் இதே ட்ரக்டர் சந்தையில் என்ன விலை போகும் என்பதிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: திருத்திய பின் பெறுமதி 12 இலட்சம் என்று வைப்போம். பார்த்தறிந்த திருத்தச் செலவு 4 இலட்சம். கழற்றிய பிறகு தெரியவரும் செலவுக்காக அதில் கால் பங்கு, அதாவது 1 இலட்சம். உங்கள் உழைப்புக்கும் இலாபத்துக்கும் ஒன்றரை இலட்சம். மிஞ்சுவது ஐந்தரை இலட்சம். அதற்கு மேல் கொடுத்தால் உங்கள் உழைப்பை விற்பவருக்கு இனாமாகக் கொடுக்கிறீர்கள்.

பணம் போதாதவர்கள் வட்டிக்கு லீசிங் எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பைப் போடும் முழாரபாவும், இருவரும் முதல் போடும் முஷாரகாவும் நம் மார்க்கத்தில் உள்ளன. முழாரபாவில் இலாபத்தை விகிதமாகப் பேச வேண்டும், மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை பேசக்கூடாது. கவனயீனம் இல்லாமல் நட்டம் வந்தால் பண நட்டம் முதலிட்டவருக்கு, உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். விபரங்களை ஆலிம்களிடம் கேட்டு, கட்டாயம் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் (2:282) கற்பித்திருக்கிறது. நண்பன்தானே என்று எழுதாமல் விட்ட பல கூட்டுக்கள் நட்பையும் சேர்த்தே முடித்திருக்கின்றன.

திருத்தும் ஒழுங்கு

முதலில் பிரேக், ஒயில் சீல், ஸ்டியரிங், முன் அச்சின் நடு ஊசி. அடுத்து ரேடியேட்டரும் டீசல் வடிகட்டிகளும். பிறகு எஞ்சின், கிளட்ச், ஹைட்ரோலிக். அதன்பின் வயரிங், டயர். பெயின்ட் கடைசி. ட்ரக்டரைப் பிரிக்கும்போது முன் அச்சின் இருபுறமும் மரக்கட்டையால் ஆப்பு வையுங்கள். அச்சு நடுவில் அசையக்கூடியது, ஆப்பில்லாவிட்டால் முன்பகுதி சாய்ந்து ஆளை நசுக்கும். ட்ரெயிலரைக் கீழேயுள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே பூட்டுங்கள். மேலே பூட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி ட்ரக்டர் பின்னால் புரளும். சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டம் இந்தப் பழைய ட்ரக்டர்களில் கிடையாது.

விற்கும்போது

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாமெல்லோரும் குத்பாக்களில் கேட்டதுதான். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஒயில் கசியும் ட்ரக்டருக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது அந்த ஈரத் தானியத்தை அடியில் வைப்பதற்குச் சமம். குறையை மறைத்து விற்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது பிக்ஹ் சட்டம். ட்ரக்டர் விடயத்தில் நட்டம் பணத்தோடும் நிற்காது. நனைந்த பிரேக்கோடு இறக்கத்தில் போகிறவர் இன்னொரு குடும்பத்தின் தகப்பன்.

நான் இப்போது விற்கும் ஒவ்வொரு ட்ரக்டரோடும் ஒரு தாள் கொடுக்கிறேன். மாற்றியது என்ன, மாற்றாதது என்ன, இன்னும் ஒரு வருடத்தில் செலவு வைக்கப்போவது என்ன என்று மூன்று பத்திகள். ஆரம்பத்தில் சிலர் அதை வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று அந்தத் தாளுக்காகவே வருகிறவர்கள் உண்டு.

அந்தத் தம்பியோடு நானும் போய்ப் பார்த்தேன். எஞ்சின் மோசமில்லை. ஆனால் வலது ட்ரம்மைக் கழற்றியபோது லைனிங் ஒயிலில் ஊறிக் கிடந்தது. விற்பவரிடம் காட்டினோம், மறுக்காமல் விலையைக் குறைத்தார். தம்பி முதலில் சீலையும் பிரேக்கையும் மாற்றினார், பிறகுதான் ட்ரெயிலரைப் பூட்டினார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறார். என்றாவது அதை விற்பதென்றால் அவரும் அந்த மூன்று பத்தித் தாளை எழுதிக் கொடுப்பார் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறார்.